எல்லாருக்கும் ஒரே தடம் போதுமா? தன்னார்வலர்கள் கட்டும் மலைச் சைக்கிள் பூங்கா

பிப்ரவரி 3, இரவு 9.12 | ஒற்றைப்பல்

10 ஏக்கர் சரிவு நிலம், சுமாராக 200 மீட்டருக்கு 200 மீட்டர். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 40 மீட்டர் உயர வித்தியாசம். எழுத்தில் அனுமதி இருக்கிறது. வார இறுதியில் 25 பேர் வருவார்கள், இயந்திரம் கிடையாது. என் திட்டம் இதுதான்: மேலிருந்து கீழே நேராக ஒரே தடம். ஓரத்தில் மரப்பாலம், கல்மேடு, குதிக்கிற மேடு. தெரிந்தவர் ஏறுவார், தெரியாதவர் ஒதுங்கிப் போவார். எல்லாத் தரத்துக்கும் ஒரே தடம் போதும் என்கிறேன். முதல் மண்வெட்டியை எங்கே போடுவது?

பிப்ரவரி 3, இரவு 10.05 | களைக்கொத்து

மண்வெட்டியைச் சாய்த்து வையுங்க. "நேராக" என்று எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு சொல்லே பூங்காவை முதல் மழையில் கொண்டுபோய்விடும்.

பிப்ரவரி 4, காலை 6.30 | களைக்கொத்து

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டேன். விளக்கமாக.

உங்கள் சரிவு சராசரி 20 சதவீதம். தண்ணீர் எந்த வழியில் இறங்குமோ அதே வழியில் நீங்களும் தடம் வெட்டினால் அதற்குத் தடம் என்று பேர் வைக்கலாம், வேலை செய்வது வாய்க்காலாக. சக்கரம் மண்ணை உதிர்க்கும், தண்ணீர் அதைத் தூக்கிப் போகும், பள்ளம் விழும், பள்ளத்தில் இன்னும் தண்ணீர் சேரும். அப்புறம் குறுக்கே கட்டை போட்டு மறிக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். கட்டைக்குப் பின்னால் வண்டல் நிறையும், தண்ணீர் கட்டையின் தலையைச் சுற்றிப் புது வழி பார்க்கும், கட்டை அந்தரத்தில் தொங்கும். அந்த மேடு சைக்கிளுக்கும் நல்லதில்லை.

தடம் சரிவின் குறுக்கே போக வேண்டும். எல்லாரும் பிடித்திருக்கும் விதி ஒன்று: தடத்தின் சாய்வு, பக்கச் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. 20 சதவீதச் சரிவில் தடம் 10 சதவீதத்துக்குள். அப்போதுதான் மேலிருந்து வரும் தண்ணீர் தடத்தின் நீளத்தில் ஓடாமல் குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கும். நிலம் தட்டையாக, 4 சதவீதம்தான் என்றால் தடம் 2 சதவீதத்துக்குள் என்று ஆகிறது. அதனால்தான் தட்டை நிலத்துத் தடங்கள் சேறாகின்றன. சமதளம் சுலபம் என்று நினைத்து முதலில் அங்கே ஆரம்பிக்காதீங்க.

தளத்துக்குப் பள்ளப்பக்கமாக 5 சதவீத வாட்டம். 90 செ.மீ. அகலத்துக்கு அது நாலரை செ.மீ. ரசமட்டமும் ஓர் அட்டைத் துண்டும் போதும்.

வாட்டம் மட்டும் கை கொடுக்காது. நாள்பட நாள்பட சக்கரம் தளத்தின் நடுவைக் குழியாக்கும், வெளி ஓரத்தில் வரப்பு மாதிரி மண் ஏறும், தண்ணீர் உள்ளேயே சிறைப்படும். அதற்குத்தான் இறங்குகிற தடம் 6 முதல் 15 மீட்டருக்கு ஒரு தடவை சிறிது ஏறி மறுபடி இறங்க வேண்டும். கிரேடு ரிவர்சல் என்பார்கள், இங்கே மறுஏற்றம் என்றே எழுதுகிறேன். அதன் அடியில் உள்ள தாழ்வில் பள்ளப்பக்க வாய் 2 மீட்டராவது அகலமாகத் திறந்திருக்கணும். மண்வெட்டி அகலத்துக்கு ஒரு சந்து வெட்டிவிட்டால் ஒரே மழையில் சருகு அடைத்துக்கொள்ளும். மறுஏற்றம் கொடி நடும்போதே திட்டத்தில் இருக்க வேண்டும். வெட்டி முடித்த தடத்தில் பிறகு செருகுவது சட்டை தைத்த பின் பை வைப்பது போல. முடியும், ஆனால் தெரியும்.

பிப்ரவரி 4, மதியம் 1.20 | ஒற்றைப்பல்

போன் செயலியில் அளந்தேன். பக்கச் சரிவு 11 என்று காட்டுகிறது. அப்படியென்றால் தடம் ஐந்தரைதானா?

பிப்ரவரி 4, மதியம் 1.41 | களைக்கொத்து

செயலி காட்டியது பாகை, நான் சொன்னது சதவீதம். 11 பாகை என்றால் 19 சதவீதத்துக்கு மேல். உங்கள் 20 சரிதான். 10 சதவீதம் என்பது 5.7 பாகை, 10 பாகை என்பது 17.6 சதவீதம். இந்தக் குழப்பத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செங்குத்தாகக் கொடி நட்டுவிடுவார்கள். செயலி அமைப்பில் சதவீதத்துக்கு மாற்றிவிடுங்கள், கூட வருகிற அத்தனை பேரும்.

கொடி நட இரண்டு பேர் வேண்டும். முன்னால் போகிறவரின் உடம்பில், பின்னால் நிற்பவரின் கண் மட்டம் எங்கே வருகிறது என்று சமதரையில் பார்த்து நாடா கட்டுங்க. அப்புறம் 5 மீட்டருக்கு ஒரு கொடி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. பெரிய பாறை, நல்ல மரம், காட்சி தெரிகிற மேடு இவையெல்லாம் தடம் தொட்டுப்போக வேண்டிய இடங்கள். ஓடை, ஈரத்தரை, பாம்புப் புற்று, பக்கத்து நிலத்து வேலி இவை விலகவேண்டிய இடங்கள். முதலில் இந்தப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றைக் கோர்ப்பதுதான் தடம். முடித்துவிட்டு ஒரு வாரம் அப்படியே விட்டு, எதிர்த் திசையில் நடந்து பாருங்கள். பாதிக் கொடி இடம் மாறும்.

பிப்ரவரி 5, இரவு 8.15 | களைக்கொத்து

இப்போது "ஒரே தடம் போதும்" என்கிற வாதத்துக்கு வருகிறேன். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குதிக்கிற மேட்டுக்கு வேகம் வேண்டும். வேகத்துக்குச் செங்குத்தான நுழைவு வேண்டும். அந்த நுழைவு ஓரத்தில் ஒதுங்கிப் போகிறவருக்கும் அதே செங்குத்துதான். தடையைத் தவிர்க்கலாம், வேகத்தைத் தவிர்க்க முடியாது. புதியவர் அந்த இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடி வருவார். பிரேக் பிடித்த சக்கரம் மண்ணை அலை அலையாக உழும், அந்த அலைகள் தெரிந்தவருக்கும் தொல்லை. ஆக, இரண்டு பேருக்குமே பிடிக்காத தடம் ஒன்று கிடைக்கும்.

ஐம்பா என்று சுருக்கமாகச் சொல்லும் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் (1988 முதல் இருக்கிறது) பனிச்சறுக்கு மைதானங்களின் குறிகளை எடுத்து ஒரு தரவரிசை செய்தது. பச்சை வட்டம்: தளம் 90 செ.மீ.யாவது, சராசரிச் சாய்வு 5 சதவீதம் வரை, தவிர்க்க முடியாத தடை 5 செ.மீ. உயரத்துக்குள். நீலச் சதுரம்: 60 செ.மீ., 10 சதவீதம், தடை 20 செ.மீ. வரை. கறுப்பு வைரம்: 30 செ.மீ., 15 சதவீதம், தடை 38 செ.மீ. வரை. பச்சையைவிட எளிதுக்கு வெள்ளை வட்டம், கறுப்பைவிடக் கடினத்துக்கு இரட்டைக் கறுப்பு.

இதில் எல்லாரும் கோட்டைவிடுவது "தவிர்க்க முடியாத" என்ற சொல்லை. தடத்தின் தரத்தை முடிவு செய்வது சுற்றிப்போக வழி இல்லாத மிகக் கடினமான இடம். 600 மீட்டர் பச்சையில் ஒரே இடத்தில் 15 செ.மீ. வேர் குறுக்கே இருந்தால் அது நீலம்.

உங்கள் நிலத்தில் கணக்குப் போடுங்கள். 40 மீட்டர் இறக்கம், 5 சதவீதம்: 800 மீட்டர் பச்சைத் தடம். 200 மீட்டர் அகலத்தில் நான்கு தடவை குறுக்கே போய் வரும். நடுவில் மூன்று வளைவு. ஒரு குறுக்குக்கும் அடுத்ததற்கும் 40, 50 மீட்டர் இடைவெளி கிடைக்கும், அதற்குள் நீலம் வந்து இணையலாம். ஏறுவதற்கு அதே பச்சையைப் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் குருட்டு வளைவில் சந்திப்பார்கள். ஏற்றத்துக்குத் தனியாக 6, 7 சதவீதத்தில் ஒன்று, எல்லா இறக்கமும் ஒருவழி.

வாசலுக்கு அருகே எளிது, தள்ளிப் போகப் போகக் கடினம் என்று வளையங்களாக அடுக்கினால் புதியவர் தெரியாமல் கறுப்பில் போய் நிற்க மாட்டார்.

பிப்ரவரி 5, இரவு 8.32 | களைக்கொத்து

சேர்க்க மறந்தது: எல்லா நாட்டிலும் நிறம் ஒன்றில்லை. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. நடுவில் சிவப்பு வருவதால் அங்கத்திய நீலம் இன்னும் எளிது. வெளியூரிலிருந்து வருகிறவர் வேறு நிறப்பழக்கத்தோடு வருவார், ஆகவே பலகையில் நிறத்தோடு தள அகலம், மிகப்பெரிய தடை உயரம் இரண்டையும் எண்ணால் எழுதுங்கள்.

பிப்ரவரி 6, காலை 7.00 | ஈரமண்

ரெண்டு பேரும் மண்ணைப் பற்றி இன்னும் வாய் திறக்கலையே. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி வை. ஒரு நிமிடத்தில் மணல் படியும், இரண்டொரு மணி நேரத்தில் வண்டல், களி மறுநாள்தான். மூன்று அடுக்கையும் அளவுகோலில் அள. மணல்தான் பெரும்பகுதி என்றால் பெர்ம் (வளைவின் வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டும் மண்சுவர்) நிற்காது. களிதான் பெரும்பகுதி என்றால் மழையில் சோப்புக்கட்டி. நடுத்தரம் கிடைத்தால் கும்பிட்டுக்கொள்.

மேலே இருக்கிற கறுப்பு மக்கு மண்ணை எதற்கும் நிரப்பாதே. அது சுருங்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேடு ஆறு மாதத்தில் பொதக்கென்று உட்காரும். அதைத் தனியாகக் குவித்து, வேலை முடிந்ததும் வெட்டிய சரிவில் பரப்பு. விதை அதில்தான் இருக்கிறது, புல் சீக்கிரம் பிடிக்கும்.

பிப்ரவரி 6, காலை 7.25 | களைக்கொத்து

அண்ணே சொன்னதோடு ஒன்று. மண்ணை இறுக்கத் திமிசு போடும் நாளில் ஈரம் பார்க்க: ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கி உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்க. இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரியான பதம். பொடியானால் தண்ணீர் தெளிக்கணும். அப்பளமாகத் தரையில் ஒட்டினால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கணும்.

10 முதல் 15 செ.மீ. ஓர் அடுக்கு, அதற்கு மேல் போடாதீங்க. ஒரு மீட்டர் மண்ணைக் குவித்து மேலே நின்று குத்தினால் மேல் ஒரு சாண்தான் இறுகும், கீழே பஞ்சு. நிரப்புக்காக உள்ளே மரத்தண்டைப் புதைப்பது இன்னொரு சோம்பேறித்தனம். தண்டு மக்கும், உள்ளே பொந்து விழும், ஒருநாள் முன்சக்கரம் அதைக் கண்டுபிடிக்கும்.

பிப்ரவரி 8, மாலை 5.50 | களைக்கொத்து

ஆள் கணக்கு. 20 சதவீதச் சரிவில் 90 செ.மீ. தளத்தை முழுக்க உள்ளே வெட்டி எடுக்கணும். பாதி வெட்டு, பாதி கொட்டு என்று செய்தால் கொட்டின பாதி சறுக்கிவிடும். தளத்தின் மேட்டுப்பக்க விளிம்பில் வெட்டின் உயரம் 18 செ.மீ. முக்கோணம் 0.9 × 0.18 ÷ 2, அதாவது மீட்டருக்கு 0.081 கன மீட்டர். 100 மீட்டருக்கு 8 கன மீட்டர்.

பிப்ரவரி 8, இரவு 9.30 | களைக்கொத்து

மேலே தப்பு. மேட்டுப்பக்கச் சுவரைச் செங்குத்தாக விட்டால்தான் அந்தக் கணக்கு. யாரும் அப்படி விடக் கூடாது, இடிந்து தளத்தில் விழும். 45 பாகைக்குச் சாய்த்து வெட்டினால் வெட்டின் உயரம் 22.5 செ.மீ. ஆகிறது, மீட்டருக்கு 0.10. ஆக 100 மீட்டருக்கு 10 கன மீட்டர், உங்கள் 800 மீட்டருக்கு 80.

வித்தியாசம் இங்கே சிறியது, ஆனால் 40 சதவீதச் சரிவுக்கு இதையே போட்டுப் பாருங்க. சுவர் சாய்க்காமல் 16, சாய்த்தால் 27. சரிவு இரண்டு மடங்கு, மண் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அகலமும் அப்படித்தான்: 60 செ.மீ. தளத்தை 90 ஆக்கினால் ஒன்றரை மடங்கு வேலை என்று தோன்றும், உண்மையில் இரண்டேகால் மடங்கு. பச்சைத் தடம்தான் பூங்காவிலேயே அதிக உழைப்பு கேட்பது. "முதலில் சுலபமான பச்சையை முடிப்போம்" என்று சொல்கிற குழுக்கள் நடுவழியில் மூச்சு வாங்குவது இதனால்தான். ஓட்டுவதற்குத்தான் சுலபம்.

தோராயமாக, ஒரு தன்னார்வலர் நாலு மணி நேரத்தில் ஒரு கன மீட்டர் வெட்டித் தள்ளுவார். தேய்த்து, வாட்டம் பிடித்து, திமிசு போட்டு முடிக்க இன்னொரு அந்தளவு. 160 ஆள்-காலை, 25 பேருக்கு ஆறு ஏழு வாரம். வேரும் பாறையும் இருந்தால் இரட்டிப்பு. வெட்டிய மண் உதிர்ந்து 20, 30 சதவீதம் பெருகும் என்பதையும் மனசில் வையுங்க, கொட்ட இடம் வேண்டும். தடத்தின் விளிம்பிலேயே கொட்டினால் தண்ணீர் வெளியேறும் வாயை நீங்களே அடைத்தவர்களாவீர்கள். வீசி எறிந்து பரப்புங்கள்.

பிப்ரவரி 9, காலை 6.10 | களைக்கொத்து

25 பேரை ஒரே இடத்தில் விடாதீங்க. எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். ஆயுதம் வீசுகிற இருவருக்கு இடையே 3 மீட்டர். கருவியைத் தோளில் சாய்த்து நடக்கக் கூடாது. பக்கவாட்டில், கூர்முனை கீழே, பள்ளப்பக்கக் கையில். சறுக்கினால் கருவியைப் பள்ளத்துக்கு வீசிவிட்டு விழலாம்.

வெட்டுகிறவர் நிறையப் பேர் கிடைப்பார்கள், தேய்த்து முடிக்கிறவர் கிடைக்க மாட்டார்கள். ஆகவே தினமும் கடைசி அரை மணி நேரம் எல்லாரும் முடிப்பு வேலை, அன்றைய துண்டின் தண்ணீர் வாய் திறந்தே இருக்க வேண்டும். பாதி வெட்டிய குழியில் ஓர் இரவு மழை பெய்தால் மறுவாரம் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

பிப்ரவரி 9, காலை 6.18 | களைக்கொத்து

தீனியும் குடிநீரும் பற்றி எழுதவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். அது இல்லாமல் 25 பேர் இரண்டாம் வாரம் 5 பேர் ஆவார்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, இரவு 7.45 | ஒற்றைப்பல்

மூன்று வளைவையும் பெர்மாகக் கட்டலாமா? எத்தனை பாகை சாய்க்க?

பிப்ரவரி 11, இரவு 9.05 | களைக்கொத்து

ஒரே பாகை சொன்னால் பொய். 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 15 கி.மீ. வேகத்துக்கு 24 பாகை, 20க்கு 38, 25க்கு 51. இது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்து வரும் கணக்கு. வேகம் 10 கி.மீ. கூடினால் கோணம் இரட்டிப்புக்கும் மேல். ஆகவே சுவர் நேர்ப்பலகையாக இருக்கக் கூடாது, கிண்ணம் மாதிரி வளையணும்: அடியில் 20, உச்சியில் 50. மெதுவாக வருகிறவர் அடியிலும் வேகமாக வருகிறவர் மேலேயும் தானாகப் போய்விடுவார். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

பெர்ம் ஒரு தொட்டி என்பதையும் மறக்காதீங்க. வெளிப்பக்கம் சுவர், உள்பக்கம் மலை. நுழைவதற்கு முன் ஒரு மறுஏற்றம் வைத்து மேல் தண்ணீரை வெளியே தள்ளிவிடுங்க. பெர்மின் உள்ளே விழுகிற மழைக்கு உள் ஓரமாக வாட்டம் கொடுத்து வளைவு முடிகிற இடத்தில் வெளியே விடுங்க.

நுழைவிலேயே பிரேக் அலைகள் விழுந்தால் அலையை நிரப்பிப் பயனில்லை, வாரத்தில் திரும்பி வரும். வளைவு இறுக்கம், வரும் வேகம் அதிகம் என்று அர்த்தம். அந்த மறுஏற்றத்தை உயர்த்தினால் வேகம் தானே குறையும். ஒரே மேடு தண்ணீரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்கிறது.

பிப்ரவரி 12, காலை 10.40 | மரை

மரப்பாலம் யாரும் பேசலை. குறுக்குப் பலகை, இடையே ஒரு செ.மீ. சந்து. மரம் மண்ணைத் தொடக் கூடாது, கால்களைக் கல்லின் மேல் நிறுத்தணும். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் முதலில் உளுக்கும், அதுவும் வெளியே தெரியாமல். பலகையை மெல்லிய டெக் திருகாணியால் பிடிக்கலாம், ஆனால் கால், உத்தரம் இணைப்புக்கு அது ஆகாது. பக்கவாட்டு உதையில் படக்கென்று முறியும். அங்கே போல்ட்டும் நட்டும். குறுக்கு முட்டு ஒவ்வொரு காலுக்கும்.

வழுக்காமல் இருக்கக் கோழிவலை அடிப்பார்கள். ஒரு வருடத்தில் கம்பி அறுந்து நிமிர்ந்து நிற்கும், விழுகிறவன் கை அதில்தான். கெட்டியான விரிகம்பித் தகடு அடி, இல்லாவிட்டால் இழைக்காத சொரசொரப் பலகையையே போடு.

பிப்ரவரி 12, காலை 11.30 | களைக்கொத்து

அதே. பச்சையில் பாலம் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தரைக்கு மேல் உயரம் நீலத்தில் 60 செ.மீ., கறுப்பில் 120 வரை என்பது வழக்கம். விழுகிற இடத்தைச் சுத்தம் செய்வது பாலம் கட்டுவதில் பாதி வேலை. குட்டையாக வெட்டிவிட்ட செடித்தண்டு ஈட்டி. வேரோடு தோண்டுங்க, முடியாவிட்டால் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி மண் மூடுங்க. கிளையைத் தண்டை ஒட்டி வெட்டணும், துண்டு நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

பாலம் இல்லாமலே கடக்க முடியுமென்றால் பாலம் வேண்டாம் என்பது என் கட்சி. மண் தேயும், மரம் செத்துப்போகும்.

பிப்ரவரி 12, காலை 11.34 | மரை

உன் கட்சிக்கு ஓட்டு இல்லை.

பிப்ரவரி 15, இரவு 10.20 | களைக்கொத்து

5ஆம் தேதி எழுதினதை மறுபடி படித்தேன். ஒற்றைப்பல்லை ரொம்பவே வெட்டிப் பேசிவிட்டேன் போல. ஓர் இடத்தில் அவர் சொன்னது சரி.

தடைகளில் இரண்டு ஜாதி. வேகம் குறைந்தால் தண்டிப்பவை ஒன்று: நடுவில் பள்ளம் விட்ட குதிமேடு, சரிவு இல்லாத தரையில் விழும் குதிப்பலகை. வேகம் குறைந்தால் சும்மா விட்டுவிடுபவை மற்றது: ரோலர் (உருண்டையான சிறு மேடு), கிண்ண பெர்ம், டேபிள்டாப் (ஏறுமுனைக்கும் இறங்குசரிவுக்கும் நடுவை நிரப்பிய தட்டையான குதிமேடு). இந்த இரண்டாவது ஜாதியால் மட்டும் கட்டினால் ஒரே தடத்தில் எட்டு வயதுப் பிள்ளை உருட்டிக்கொண்டு போகும், தெரிந்தவர் பறந்து போவார். இரண்டு பேருக்கும் ஓரமாக ஒதுங்கும் வழியே தேவைப்படாது. ஆக "ஒரே தடம் போதுமா" என்பதற்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்: சாய்வு பச்சையாகவோ இளநீலமாகவோ இருந்து, உருட்டிக் கடக்க முடியாத பொருள் ஒன்றுகூட இல்லாவிட்டால், போதும். பாலமும் கல்மேடும் ஓரத்தில் ஒட்டுகிற திட்டம் இப்போதும் வேண்டாம்.

டேபிள்டாப் அளவு: ஏறுமுனை 60 செ.மீ. உயரம், உச்சியில் 25 பாகை. அதற்கு வில் ஆரம் 6.4 மீட்டர், தரையில் 2.7 மீட்டர் நீளம். மேல்தளம் 2 மீட்டர். இறங்குசரிவு ஏறுமுனையைவிடத் தணிவாக, நீளமாக. மேல்தளமும் இறங்குசரிவும் சேரும் முனை உருண்டையாக இருக்கணும், குறைவாகத் தாண்டுகிறவர் வந்து இடிப்பது அங்கேதான். அகலம் 1.8 மீட்டருக்குக் குறையாமல்.

கண்ணளவில் வில் வராது. ஒரு ஒட்டுப்பலகையைச் சமதரையில் போட்டு, 6.4 மீட்டர் தள்ளி முளை அடித்துக் கயிறு கட்டிக் கோடு போடுங்க. வெட்டின பலகை அச்சு. மண்ணின் மேல் வைத்துப் பார்த்து இடுக்கை நிரப்புங்க. அச்சைத் தூக்கிப் போடாமல் கொட்டகையில் மாட்டி வையுங்க. ஏறுமுனை தேயத் தேய உச்சியில் உதை கூடும், மாதம் ஒருமுறை வைத்துப் பார்த்தால் பல்லிளிப்பது தெரியும்.

பிப்ரவரி 15, இரவு 10.41 | களைக்கொத்து

பறக்க விரும்புகிறவருக்கும் ஒரு கறுப்புக் கிளை கொடுங்க, ஆனால் வாசற்படி வைத்துக் கொடுங்க. கிளை பிரிந்த 5 மீட்டருக்குள், பிரியும் இடத்திலிருந்தே கண்ணில் படுகிறாற்போல, அந்தத் தடத்திலேயே கடினமான ஒன்று. அதைத் தாண்ட முடியாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். பலகையைப் படிக்காதவர்கூடப் பாறையைப் படிப்பார். பிரிவது 2 விநாடி முன்னதாகத் தெரியணும், 20 கி.மீ. வேகத்தில் அது 11 மீட்டர். எளிய வழி நேராகப் போகட்டும், கடினமானது விலகிப் போகட்டும். யோசிக்காமல் வருகிறவர் எளியதில் போய்ச் சேர்வார்.

பிப்ரவரி 16, மதியம் 12.15 | ஈரமண்

வாசலில் ஒரு பம்ப் ட்ராக் போட்டுவிடுங்கப்பா. ரோலர் உச்சிக்கு உச்சி 3 மீட்டர், உயரம் 30 செ.மீ. பத்துக்கு ஒன்று. மிதிக்காமல் உடம்பை ஏற்றி இறக்கியே சுற்றணும். மண் தேவை பார்த்து மலைக்காதே, ஆனால் தோண்டின குழியைப் பக்கத்திலேயே விட்டு வைக்காதே. மழைக்கு அது குளமாகும், ஊற்று வழியாக ட்ராக்கின் அடி ஊறும்.

பிப்ரவரி 16, மதியம் 12.40 | களைக்கொத்து

வழிமொழிகிறேன். முதல் மாத உழைப்பு கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக வந்தால் ஆட்கள் திரும்ப வருவார்கள். 800 மீட்டர் பச்சையை முடிக்கும்வரை யாரும் எதையும் ஓட்டக் கூடாது என்றால் கூட்டம் கலைந்துவிடும்.

எல்லாத் தரமும் என்றால் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளும்தான். சில வண்டி ஒரு மீட்டர் அகலத்தை நெருங்கும். பச்சைத் தளம் 90 என்று எழுதியதை இங்கே 120 ஆக்கிக்கொள்ளுங்கள் (மண் கணக்கும் கூடவே ஏறும், மன்னிக்கவும்). இரண்டு மரத்துக்கு நடுவே நுழைப்பது, வெளிப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்த தளம் இரண்டும் அவர்களுக்குக் கவிழும் இடங்கள். வாட்டம் 5ஐத் தாண்ட வேண்டாம், அதனால் மறுஏற்றங்களை 6 மீட்டருக்கு நெருக்கமாக வையுங்கள்.

பிப்ரவரி 17, இரவு 8.55 | களைக்கொத்து

கருவி பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு, இங்கேயே. மெக்லியாட் என்பது ஒருபக்கம் அகன்ற தகடு, மறுபக்கம் ஆறு பல் வாரி. புலாஸ்கி ஒருபக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து. இரண்டுமே அமெரிக்க வனத்துறையினர் காட்டுத்தீ அணைக்கக் கண்டவை. மால்கம் மெக்லியாட் 1905இல். எட் புலாஸ்கி பேர் 1910 பெருந்தீயோடு சேர்ந்தது. கிடைக்காவிட்டால் குடி முழுகாது. பிக்காசு, அகல மண்வெட்டி, கடப்பாரை, திமிசு, இரும்பு வாரி, பாண்டுச் சட்டி. ஒரு மண்வெட்டியை நேர்க்காம்பில் பொருத்திக் கொண்டால் மெக்லியாட் வேலையில் பாதி செய்யும். ஆளுக்கு ஒன்றரைக் கருவி கணக்கு. வாரி மட்டும் கூடுதல், கடைசி அரை மணியில் எல்லாரும் அதைத்தான் தேடுவார்கள்.

பிப்ரவரி 19, காலை 6.45 | ஒற்றைப்பல்

கொடி நட்டு முடித்தோம். நேற்று மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தோம். முதல் இரண்டு வளைவும் சரி. மூன்றாவது வளைவின் நடுவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. வெயிலில் பார்த்தபோது புல்தரை. குழாய் புதைக்கலாமா?

பிப்ரவரி 19, காலை 7.02 | களைக்கொத்து

வேண்டாம். குழாய் சருகால் அடைக்கும், வருடா வருடம் தோண்டுவீர்கள். அது ஓடை, மழைக்கு மட்டும் வருகிற ஓடை. வளைவை இரண்டு கொடி முன்னதாக, ஓடையைத் தொடாமல் திருப்பிவிடுங்க. குறுக்கு 10 மீட்டர் குறையும். அந்த நீளத்தை அடுத்த குறுக்கில் ஒரு நெளிவு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், சாய்வு 5ஐத் தாண்டாது.

மழை விட்டதும் இன்னொரு தடவை நடந்து, எந்தக் கொடியடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்க. அந்த எண்களை இங்கே போடுங்க.

பிப்ரவரி 19, மாலை 4.30 | ஒற்றைப்பல்

41, 42, 87. மண்வெட்டி இன்னும் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, மாலை 4.48 | களைக்கொத்து

41, 42க்கு நடுவே ஒரு மறுஏற்றத்தின் வாய் வரட்டும். 87ஐ ஒரு மீட்டர் மேட்டுப்பக்கம் நகர்த்துங்க. சனிக்கிழமை உருண்டை உடைத்துப் பாருங்க, மூன்று துண்டானால் வெட்டலாம்.